கோணப்பாறையின் எல்லை

அடி அண்ணாமலையைத் தாண்டி, கிரிவலப் பாதையிலிருந்து பிரியும் வண்டிப்பாதையில் இறங்கினால் கோணப்பாறை. மல்லாட்டை எனும் நிலக்கடலை பயிரிட வந்தவர்கள் பாறையோரம் குடிசை போட்டுத் தங்கி, பிள்ளை குட்டி பெற்று, கிணறு வெட்டி, மாரியம்மனுக்கு ஒரு மேடையும் கட்டி உண்டாக்கிய இடம். ஊர் என்று சொன்னால் பக்கத்து இரண்டு பஞ்சாயத்துக்காரர்களும் சிரிப்பார்கள்.

எல்லாம் ஓடை செய்த வேலை. இரண்டு பஞ்சாயத்துக்கும் அதுதான் எல்லை. முன்பு அது கோணப்பாறைக்கு வடக்கே ஓடியது. ஒரு பெருமழையில் கரை உடைத்துக்கொண்டு தெற்கே புதுவழி பிடித்தது. "ஓடைக்கு அந்தாண்ட போயிட்டீங்க, இனிமே நீங்க எங்க ஆளுங்க இல்ல" என்றது தெற்கு. "பழைய ஓடைதான் கணக்கு, நீங்க எங்களுக்குச் சேரமாட்டீங்க" என்றது வடக்கு. தெருவிளக்கு, தண்ணிக்குழாய் எதைக் கேட்டாலும் பந்து மாதிரி அங்கும் இங்கும் உதைபட்டார்கள்.

தமிழ்செல்வி இந்த ஊருக்கு மருமகளாக வந்தவள். ரமணாசிரமம் பக்கத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் அறை துப்புரவு செய்கிறாள். எந்த ஊர் என்று கேட்பவர்களிடம் சுருக்கமாக "அடி அண்ணாமலை" என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை.

போன வருஷம் பாதையின் முகப்பு நிலத்தை வெளியூர்க்காரர் ஒருவர் வாங்கினார். தியானக் குடில்கள் கட்டப்போகிறாராம். வண்டிப்பாதையையும் சேர்த்து வளைத்து இரும்பு கேட் போட்டுவிட்டார். கேட்கப்போனவர்களிடம் அவருடைய மேனேஜர், "இங்க ஊரே இல்லைன்னு ரெண்டு பஞ்சாயத்தும் சொல்லுது. இல்லாத ஊருக்கு வழி எதுக்கு?" என்றான். அதுமுதல் ஜனங்கள் வரப்பில் ஏறி இறங்கிப் போய்வந்தார்கள்.

ஐப்பசி மழையில் தமிழ்செல்வியின் மாமனார் அருணகிரி இறந்துபோனார். சுடுகாடு கேட்டைத் தாண்டி அந்தப்பக்கம். வரப்பெல்லாம் சேறு. பாடையை கேட்டுக்கு முன்னால் கொண்டுவந்து இறக்கினார்கள். பூட்டு தொங்கியது. உள்ளே மேனேஜர் குடை பிடித்துக்கொண்டு நின்றான்.

"சுத்திக்கினு ஏரிக்கரையோட போயிடலாம்" என்றார் மாமனாரின் தம்பி காசி.

வழுக்கினால் பாடை கவிழும். மருமகள் என்றல்லாமல் மகளாகத் தன்னை வைத்துக்கொண்ட மனிதரின் முகத்தில் மழைத்துளி விழுந்துகொண்டிருந்தது. தமிழ்செல்விக்கு அழுகை நின்றுபோனது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"சுத்தி எதுக்கு மாமா? நேரா போலாம்."

"பொம்பளைங்க ஊர் எல்லையோட திரும்பிடணும்மா. அதான் வழக்கம்" என்றார் காசி.

"எல்லை எங்க மாமா இருக்குது? இத்தினி வருஷமா யாராலயும் சொல்ல முடியலயே. அது எங்கன்னு தெரிஞ்சா நின்னுடறேன்."

அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கேட்டின் கீழ்க்கம்பியில் கை வைத்தாள். பக்கத்து வீட்டு சந்திரம்மாள் வந்து சேர்ந்தாள். பின்னாலேயே தமிழ்செல்வியின் புருஷன் திருமலையும் மற்ற ஆண்களும். "எடுக்காதீங்க, போலீஸ்ல சொல்லிடுவேன்!" என்று மேனேஜர் கத்தக் கத்த, கீலோடு கேட்டைத் தூக்கிப் பள்ளத்தில் தள்ளினார்கள். பாடை நேராகப் போனது. பெண்களும் சுடுகாடு வரைக்கும் போனார்கள்.

மறுநாள் ஸ்டேஷனுக்கு வரச்சொன்னார்கள். ஊர் மொத்தமும் போய் வாசலில் உட்கார்ந்தது.

"கேட்டைத் தள்ளினது நீதானே? எந்த ஊரு?" என்றார் எஸ்.ஐ.

"கோணப்பாறைங்க."

எஸ்.ஐ. கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தார். "அப்படி ஒரு ஊரே இல்லையேம்மா."

"இல்லாத ஊருக்காரி மேல எப்படிங்க கேஸ் போடுவீங்க? போடுங்க, வேணாம்னு சொல்லல. ஆனா கோணப்பாறைன்னே போடுங்க. வேற ஊர் பேரு போட்டா நான் கையெழுத்து வைக்கமாட்டேன்."

அவர் அவளையும், வாசலில் நனைந்துகொண்டிருந்த கூட்டத்தையும் மாறிமாறிப் பார்த்தார். கடைசியில் அவள் சொன்ன பெயரையே போட்டார்.

வழக்கு நடக்கிறது. இரண்டு பஞ்சாயத்தும் இன்னும் அவர்களை ஏற்கவில்லை. சில வாரம் கழித்து மேனேஜர் சமாதானம் பேச வந்தான். திரும்ப கேட் போட்டுக்கொள்வார்களாம், வீட்டுக்கொரு சாவி தருவார்களாம்.

"எங்க வழிக்கு எங்களுக்கே சாவியா?" என்றாள் தமிழ்செல்வி. "போய்ட்டு வாங்க."

வேலைக்கு நேரமாகிவிட்டது. அவனை அங்கேயே விட்டுவிட்டு, பாதையின் நட்டநடுவே நடந்து போனாள்.