சாஸ்திரி நகர் லைனுக்கு ஒரு கண்ணாடி

ஹெல்மெட்டும் கையுமாகக் கப்பலேறிய தங்கம்மாவைப் பார்த்துச் சிரிக்காத ஆள் இல்லை. “கப்பலை நீங்கதான் ஓட்டப்போறீங்களா, தீதி?” என்று பங்க் கிளாஸில் எதிர்ப்படுக்கைக்காரர் இந்தியில் கேட்டார். “நான் ஓட்டினா ஒரு நாள் முன்னாடியே போர்ட் பிளேர் போயிடலாம்” என்று அவளும் இந்தியிலேயே திருப்பிக் கொடுத்தாள். வாய்க்கு அவளிடம் என்றைக்கும் பஞ்சமில்லை. கண்தான் இப்போது வம்பு செய்தது.

போர்ட் பிளேரிலிருந்து தெற்கே கப்பலில் போகவேண்டிய தீவு ஊர் கேம்பல் பே; அங்கே அவள் நர்ஸ். பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்ற அப்பா, சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய ஊர் அது. அங்கிருந்து தெற்கே சாஸ்திரி நகர் வரை முப்பத்தைந்து கிலோமீட்டர். கடல் தின்றது போக மீதி இருப்பதைத்தான் ரோடு என்கிறார்கள். மாதம் இரண்டு தடவை தடுப்பூசிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போய் வருவாள். ஸ்கூட்டியின் சின்னச் சக்கரம் அந்தப் பள்ளங்களுக்கு ஆகாது. பதினெட்டு வருஷமாக அது அவளுடைய லைன். அந்த வழியில் பிறந்த பிள்ளைகளில் அவள் ஊசி போடாத பிள்ளை கிடையாது. அதைச் சொல்லிக்கொள்ள அவள் கூச்சப்பட்டதும் கிடையாது.

போன மாதம் அந்த ரோட்டில் விழுந்துவிட்டாள். முழங்கைத் தோல் உரிந்தது, பெட்டி பிழைத்தது. மெயின்லேண்டிலிருந்து புதிதாக வந்திருந்த டாக்டர் அருண்பிரசாத் கட்டுப் போட்டபடியே, “சிஸ்டர், உங்களுக்குக் கண்ணு சரியில்லை. இனிமே அந்த லைனுக்கு நம்ம நர்ஸ் தம்பி கோகுல் போகட்டும். நீங்க ஆபீஸ்ல ரெஜிஸ்டர் பாருங்க” என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை, அக்கறையாகத்தான் சொன்னார். அதுதான் அவளுக்கு இன்னும் பொறுக்கவில்லை.

“கண்ணு நல்லாத்தான் சார் இருக்கு. கண்ணாடிதான் சரியில்ல. பதினஞ்சு நாள் லீவு குடுங்க.”

“சரி, நல்ல கண்ணாடியோட வாங்க. நானே பின்னாடி உக்காந்து வந்து பாக்கறேன். அப்புறம் முடிவு பண்ணலாம்.”

அவள் போட்டிருந்த கண்ணாடி, முன்பு ஒரு லீவில் சென்னைக்குப் போனபோது வாங்கியது. மேலே தூரத்துக்கு ஒரு பவர், கீழே படிக்க ஒரு பவர். வீட்டில் போட்டுக்கொண்டால் எல்லாம் பளிச். ஹெல்மெட் போட்டதும் தடித்த காதுக்கம்பி நெற்றிப்பொட்டை இடிக்கும். மழையில் ஆவி படிந்துவிடும். இதெல்லாம் கூடப் பரவாயில்லை. முன்சக்கரத்துக்கு அருகில் வரும் பள்ளம் மட்டும் கலங்கித் தெரிந்தது. ஏன் என்று அவளுக்கே புரியவில்லை.

போர்ட் பிளேரில் முதல் கடைக்காரர் அழகழகான ஃபிரேம்களாக எடுத்து வைத்தார். ஹெல்மெட்டுக்குள் ஒன்றும் நுழையவில்லை. இரண்டாவது கடையில், முகத்தைச் சுற்றி வளைந்த கூலிங் கிளாஸில் பவர் போட்டுத் தரலாம் என்று மாதிரி ஒன்றை மாட்டிவிட்டார்கள். தெருவின் இரண்டு பக்கமும் தோசை ஓரம்போலச் சுருண்டு எழும்பியது. “பழகிடும்” என்றார்கள். “பழகறதுக்குள்ள நான் கடல்ல கிடப்பேன்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

மூன்றாவது கடை அபர்தீன் பஜாரில் ஷிபாவுடையது. முப்பது வயதுப் பெண். கண் பரிசோதனைக்குப் படித்துவிட்டுச் சொந்தமாகக் கடை போட்டவள். மேஜைமேல் ஹெல்மெட்டை வைத்ததும் சிரிக்காத முதல் ஆள் அவள்தான். கண்ணைச் சோதித்தாள். “பவர் ஏறவே இல்லக்கா. ரெண்டு கண்ணுக்கும் மைனஸ் மூணுதான். பழைய கண்ணாடியும் கரெக்டாத்தான் இருக்கு.”

“அப்புறம் பள்ளம் ஏன் கலங்குது? நாற்காலியில உக்காந்தா எனக்கும்தான் நல்லாத் தெரியுது. என்னை வண்டியில உக்கார வெச்சுப் பாரும்மா!”

ஷிபா ஹெல்மெட்டை எடுத்து அவளிடம் நீட்டினாள். பிறகு பக்கத்து ஹார்ட்வேர் கடைக்காரரிடம் கேட்டு அவருடைய வண்டியை வாசலுக்குக் கொண்டுவந்தாள். தங்கம்மா ஹெல்மெட்டும் பழைய கண்ணாடியுமாக ஏறி உட்கார்ந்தாள். பஜார் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டது. ஷிபா ஒரு மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் தெருவில் தள்ளி வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே நகர்த்திக்கொண்டு வந்தாள்.

“தெரியுதா?”

“தெரியுது.”

“இப்ப?”

“தெரியுது.”

“இப்ப?”

“போச்சு. கலங்கிடுச்சு.”

ஷிபா குத்துக்காலிட்டு உட்கார்ந்து அண்ணாந்து அவள் கண்ணைப் பார்த்தாள். “அக்கா, கிட்ட இருக்கற ரோட்டைப் படிக்கற பவர் வழியாப் பாக்கறீங்க. தலையைக் குனியலாம்னா ஹெல்மெட் நெஞ்சுல முட்டுது. ஆமா, வீட்டுல நீங்க எப்படிப் படிப்பீங்க?”

“கண்ணாடியைக் கழட்டிட்டு.”

“மைனஸ் மூணுக்குக் கிட்ட இருக்கற எழுத்து கண்ணாடி இல்லாமலே தெரியுமே! அப்புறம் கீழ்ப் பவர் எதுக்கு?”

தங்கம்மா கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தாள். மருந்துக் குப்பியைப் படிக்க எப்படியும் ஹெல்மெட்டைக் கழற்றத்தான் போகிறாள்; கூடவே கண்ணாடியையும் கழற்றினால் தீர்ந்தது. ஒரே கண்ணாடியில் எல்லாம் தெரியும் என்று சென்னைக்காரர் சொன்னதை நம்பி, வேண்டாத ஒன்றைக் காசு கொடுத்து வாங்கி, அதனாலேயே விழுந்தும் எழுந்திருக்கிறாள். தன்னையே நினைத்து விழுந்து விழுந்து சிரித்தாள்.

பிறகு இருவருமாக ஃபிரேம் தேடினார்கள். முதலில் ஹெல்மெட், அப்புறம் கண்ணாடி என்று ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்த்ததில் எட்டாவது சரியாக அமைந்தது. வளையாத முகப்பு, காதுக்குப் பின்னால் கொக்கியாக மடங்காமல் நேராக ஓடும் மெல்லிய கம்பி, மூச்சுக்காற்று வெளியேற இடம்விட்டுத் தள்ளி நிற்கும் மூக்குத்தாங்கி. கல் பட்டாலும் சிதறாத, ஆவி படியாத லென்ஸ். ஒற்றைப் பவர் என்பதால் கடையிலேயே இருப்பு இருந்தது. இரண்டு பவர் என்றால் மெயின்லேண்டிலிருந்து வரவேண்டும், அதற்குள் ஊருக்குப் போகும் இரண்டு கப்பல் போய்விடும். மறுநாள் மாலைக்குள் ஷிபா தானே வெட்டிப் பொருத்திவிட்டு, மறுபடியும் வண்டியில் ஏற்றிப் பார்த்த பிறகுதான் கையில் கொடுத்தாள்.

கேம்பல் பே திரும்பிய மூன்றாம் நாள் டாக்டர் சொன்னபடி பின்னால் ஏறிக்கொண்டார். அன்று பார்த்து மழை. கடற்கரையை ஒட்டிய ஒரு திருப்பத்தில் ரோட்டின்மேல் தண்ணீர் பரவிக் கிடந்தது. தங்கம்மா வண்டியை நிறுத்தினாள்.

“கணுக்கால் தண்ணிதானே சிஸ்டர், போங்க.”

“இடது பக்கம் ரோடு இல்ல சார். தண்ணி நிறம் மாறுது பாருங்க.”

டாக்டருக்கு ஒரு மாற்றமும் தெரியவில்லை. இறங்கி, கிடந்த மூங்கில் கழி ஒன்றை எடுத்துக் குத்திப் பார்த்தார். ஆள் உயரக் கழி முழுவதும் உள்ளே போயிற்று. தங்கம்மா வலது ஓரமாக நூல் பிடித்ததுபோல வண்டியைக் கடத்தி, அக்கரையில் நின்று, “வாங்க சார், ஏறுங்க” என்றாள். டாக்டர் பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு நடந்து வந்து ஏறினார்.

சாஸ்திரி நகரில் கைக்குழந்தையோடு காத்திருந்த பஞ்சாபிப் பெண் முதல் கேள்வியாகவே இந்தியில் கேட்டாள்: “தீதி, இனிமே வேற யாரோ வருவாங்கன்னு சொல்றாங்களே, நிஜமா?”

தங்கம்மா டாக்டரை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தாள். குழந்தையின் காலைப் பிடித்தபடி குனிந்து நின்றாள்.

“நஹீ. யஹீ ஆயேங்கீ” என்று, இவர்தான் வருவார் எனத் தனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் சொன்னார் டாக்டர். பிறகு தங்கம்மாவிடம் திரும்பி, “நீங்கதான் வரணும் சிஸ்டர். இந்த ரோட்டை என்னால பாக்க முடியல” என்றார்.

தங்கம்மா நிமிர்ந்தாள். இத்தனை வருஷத்தில் ஒரு டாக்டர் தன் வாயால் அதைச் சொல்லிக் கேட்டதில்லை. ஊரே கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினாள்.

“பின்ன, வேற யாரு சார் வருவா?” என்றவள், அடுத்த பிள்ளையைக் கொண்டுவரச் சொன்னாள்.