மூன்றாம் நாள் மாலை நாலு இருபது

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. அந்தப் பொய்யைச் சொன்னவள் நான்தான். எல்லாக் கதையும் அப்படித்தானே என்று நீங்கள் பெருந்தன்மையாகச் சமாதானம் சொல்லலாம். வேண்டாம். இது அந்த மாதிரி இலக்கியப் பொய் இல்லை. இல்லாத கடை ஒன்றை இருக்கிறது என்று எழுதிக் கொடுத்து, இரண்டு பேரை விமானம் ஏற்றி அனுப்பிவிட்டேன். ஒருவர் என் அக்கா. இன்னொருவர் அக்காவின் வீட்டுக்காரர், என் அத்தான். போயிருப்பது ஐரோப்பாவின் பெரிய நகரம் ஒன்றுக்கு. நடுவில் ஆறு, ஆற்றின் மேல் வரிசையாகப் பாலங்கள், டிசம்பரில் பனி. காதலர்கள் போகிற ஊர் என்று எல்லா விளம்பரத்திலும் போடுகிறார்களே, அதுதான்.

இதற்கு மூன்று தொடக்கங்கள் எழுதினேன். முதலாவது: "பனி பெய்துகொண்டிருந்தது. அவள் அவன் கையை—" அடித்துவிட்டேன். நான் பனியைக் கண்டது ஃப்ரீசரின் உள்சுவரில் மட்டும்தான், அதையும் கரண்டிக் காம்பால் சுரண்டித்தான் பழக்கம். இரண்டாவது: "இருபத்தொரு வருடத் தாம்பத்தியம் என்பது—" இப்படித் தொடங்குகிற கதையை நானே படிக்கமாட்டேன், உங்களை எப்படிப் படிக்கச் சொல்வது? மூன்றாவதைத்தான் இப்போது படித்துக்கொண்டிருக்கிறீர்கள். நன்றாக வந்திருக்கிறது. என் வேலையை நானே மெச்சிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை, வேறு ஆளும் கிடையாது.

2

அத்தானை அறிமுகப்படுத்த வேண்டும். ஒரு காதல் கதையின் நாயகனாக இவரை நிறுத்தலாமா என்று எனக்கே சந்தேகம் வந்து, இடையில் ஒரு நாள் எழுதுவதை நிறுத்தினேன்.

அவர் ஒரு குளிர்கிடங்கில் மேற்பார்வையாளர். மீனும் இறைச்சியும் பட்டாணியும் பெட்டி பெட்டியாக அடுக்கிய பெரிய கூடம். உள்ளே பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி. கதவருகே ஒரு பலகை இருக்கிறது. உள்ளே போகிற ஒவ்வொருவரும் தன் பெயர் வில்லையை அதில் மாட்டிவிட்டுப் போக வேண்டும், வெளியே வந்ததும் கழற்றிக்கொள்ள வேண்டும். பலகையில் ஒரு வில்லை தொங்கினாலும் அத்தான் கதவைப் பூட்டமாட்டார். நாற்பது நிமிடத்துக்கு மேல் ஒருவரையும் உள்ளே விடமாட்டார். நாற்பது முடிந்தால் வெளியே இழுத்து வந்து, சூடான அறையில் பத்து நிமிடம் உட்காரவைத்து, விரல்களை மடக்கச் சொல்லிப் பார்ப்பார். பதினெட்டு வருடத்தில் அவருடைய ஆட்கள் ஒருவருக்கும் ஒரு விரல்நுனிகூடக் கறுத்ததில்லை.

இந்த மனிதருக்கு வராத ஒன்று உண்டு. அக்காவிடம் பேச வராது. சண்டைக்காரர் இல்லை, குடிப்பதில்லை. பேசத்தான் வராது. சொல்ல வேண்டியதை என்னிடம் சொல்வார். "உங்கக்கா கோவமா இருக்காளா, கேட்டுச் சொல்லும்மா." "அவளுக்கு அந்தப் புடவை நல்லா இருந்துச்சுன்னு சொல்லிடும்மா." நானும் அழகுபடுத்திச் சொல்வேன். கல்யாணமான புதிதில் அது வேடிக்கையாக இருந்தது. இருபத்தொரு வருடம் கழித்து யோசித்துப் பார்த்தால், அக்கா குடும்பம் நடத்தியதே என் வசனத்தோடுதான்.

(பக்கக் குறிப்பு: எனக்குப் பிழைப்பு வேறு. மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைப்பார்களே, அந்தத் தாளை எழுதுகிறவள் நான். என் எழுத்து லட்சக்கணக்கான வீடுகளுக்குப் போகிறது, ஒருத்தரும் பிரிப்பதில்லை. என்னுடைய கர்வத்தை இதோடு சேர்த்துப் புரிந்துகொள்ளுங்கள்.)

அக்கா ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறாள். எதையும் இரண்டு தடவை பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டாள். போன மாதம் அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. ரயிலில் ஐந்து மணி நேரத் தொலைவிலுள்ள ஊரில் புதுக்கூடம், அவள்தான் தலைவி. ஜனவரி பத்தாம் தேதிக்குள் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். சாப்பாட்டு மேஜையில் அதை அத்தான் பக்கம் நகர்த்தி, "நான் கொஞ்ச நாள் தனியா இருந்து பாக்கலாம்னு இருக்கேன்" என்றாள். அத்தான் கடிதத்தைப் படித்தார், மடித்தார், தண்ணீர் குடித்தார். மறுநாள் காலை என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

3

"அவள எங்கயாவது கூட்டிட்டுப் போகணும்மா. அந்த ஆத்துப் பாலம் இருக்குற ஊருக்கு. கல்யாணமான புதுசுல கேட்டா."

"இந்தக் குளிர்லயா? நீங்க தினமும் குளிர்லதானே கெடக்கிறீங்க அத்தான்."

"அதனாலதான். எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான். அங்க போனா நான் முட்டாளா நிக்கமாட்டேன்."

இந்த வசனத்தை நான் ஜோடிக்கவில்லை. அவர் சொன்னது அப்படியே.

"திட்டம் நீ எழுதிக் குடு. நான் எழுதினா சரக்கு லிஸ்ட் மாதிரி இருக்கும். நாலு நாள். படிச்சதும் அவ வரேன்னு சொல்லணும்."

எழுதினேன். இரண்டு வாரம் வரைபடமும் புகைப்படமும் பயணிகள் எழுதிய குறிப்புகளுமாக உட்கார்ந்து, பார்க்காத ஊரைப் பார்த்தவளைப் போல எழுதினேன். முதல் நாள் அருமை. இரண்டாம் நாள் அதைவிட அருமை. மூன்றாம் நாள் மாலைதான் படுத்துவிட்டது. பழைய பாலத்திலிருந்து ரயில் நிலையம் வரைக்கும் ஆற்றோரமாக நீளமான மதில், ஒரு காப்பீட்டு அலுவலகம், மறுபடியும் மதில். வேறு ஒன்றுமே கிடையாது. மதிலை வைத்துக்கொண்டு காதலை எப்படி எழுதுவது?

ஆகவே ஒரு கடை கட்டினேன். நீலக் கதவு. ஐந்தே மேஜைகள். நடத்துவது ஒரு வயதான அம்மாள், என்ன வேண்டும் என்று கேட்கவேமாட்டாள். வந்தவர்களின் முகத்தைப் பார்த்து அவளே முடிவு செய்து கொண்டுவந்து வைப்பாள். இருவருக்குச் சண்டை என்றால் ஒரே கோப்பைதான் வரும். சாயங்காலம் நாலு இருபதுக்குப் போனால் ஜன்னலோர மேஜை காலியாக இருக்கும்.

நாலு இருபது! அந்த எண்ணில்தான் என் கைத்திறமை இருக்கிறது. 'மாலையில்' என்று எழுதியிருந்தால் யாரும் நம்பியிருக்கமாட்டார்கள்.

4

அத்தான் தாள்களை வாங்கிக்கொண்டு போய் மூன்று நாள் கழித்துத் திருப்பிக் கொண்டுவந்தார். பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் அளவுகோல் வைத்து இரண்டு கட்டம் போட்டிருந்தார். ஒன்றில் 'வெளியே', இன்னொன்றில் 'உள்ளே'. 'ஆற்றின் மேல் இருள் மெல்ல இறங்கும் வேளையில்' என்ற என் வரிக்குப் பக்கத்தில் 'வெளியே 40'. அடுத்து 'அருங்காட்சியக வாசல், உள்ளே 10'. நான்கு நாளையும் கிடங்கின் முறைப்படி நாற்பதும் பத்துமாக வெட்டிவைத்திருந்தார்.

"என்ன அத்தான் இது, காதல் பயணமா, ஷிப்ட்டா?"

"உங்கக்காவுக்குக் குளிர்ல விரல் வெளுத்துப் போயிடும்மா. ஃப்ரிட்ஜ்லருந்து பால் எடுத்தாலே நுனி வெள்ளையாகும். அவ சொல்லமாட்டா. நான் பாத்திருக்கேன்."

அக்காவின் விரலைப் பற்றி எனக்கு அதுவரை தெரியாது. கூடப் பிறந்தவள் நான்.

மூன்றாம் நாள் பக்கத்தில், என் கடையின் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார். "இந்தப் பக்கம் முழுக்க ஒதுங்க இடமே இல்ல. பாலத்துலேருந்து சரியா நாப்பது நிமிஷத்துல இது வருது. நல்ல இடமாப் புடிச்சிருக்கே. ரொம்ப நல்லா எழுதியிருக்கே."

நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாயைத் திறந்தேன். ஆனால் அத்தான் என் எழுத்தில் ஒரு வரியைப் படித்து நன்றாக இருக்கிறது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. வாயை மூடிக்கொண்டேன். காரணம் அவ்வளவுதான், இதைவிடப் பெரிதாக ஒன்றைத் தேடி எழுதப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

5

அக்கா படித்தாள். வரேன் என்றாள். கிளம்புவதற்கு முதல் நாள் பெட்டி அடுக்க உதவப் போனேன். கட்டிலில் பெட்டி திறந்து கிடந்தது. கம்பளிக் காலுறைகளைச் சுருட்டிக்கொண்டே, தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"அந்த நீலக் கதவுக் கடைய எங்கேருந்துடீ புடிச்சே?"

"எந்தக் கடை?"

"நடிக்காத. மேப்புல அந்த ரோட்டை மூணு தடவை பாத்துட்டேன். அங்க மதில்தான் இருக்கு. முகத்தைப் பாத்து முடிவு பண்ற கெழவியாம். உங்க அத்தானுக்கு இதெல்லாம் வருமா? முதல் பாரா படிக்கும்போதே நீன்னு தெரிஞ்சுபோச்சு."

எனக்குக் காது சுட்டது. "அப்புறம் எதுக்கு வரேன்னு சொன்னே?"

"கட்டம் போட்டது அவர்தானே?"

"ம்."

"அதுக்காக." ஒரு ஜோடி காலுறையைப் பெட்டியின் மூலையில் திணித்தாள். "இவ்வளவு பாத்துப் பாத்துக் கட்டம் போடத் தெரியுது. உனக்கு விரல் வெளுக்குதேன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கத் தெரியல. உங்கிட்டதான் சொல்லியிருப்பார், இல்ல?"

நான் இன்னொரு ஜோடிக் காலுறையை எடுத்துச் சுருட்டினேன்.

"அந்த எடத்துக்குப் போயி, கடை இல்லன்னு தெரிஞ்சதும் என்ன பண்றார்னு பாக்கணும். அங்க நீ இல்ல. நான்தான் பக்கத்துல நிப்பேன். எங்கிட்ட வாயத் தொறந்து ஏதாவது சொல்லட்டும், கோவமாவே சொல்லட்டும், போதும். அப்பவும் கல்லு மாதிரி நின்னார்னா, வந்ததும் கையெழுத்துப் போட்டுடுவேன். நீ அவர்கிட்ட மூச்சு விடக்கூடாது. விட்டா, உங்கூடயும் பேசமாட்டேன்."

அக்கா மிரட்டுகிற ரகம் இல்லை. அவள் சொன்னால் செய்வாள்.

6

இன்று மூன்றாம் நாள். அங்கே மணி மூன்றே முக்கால். இங்கே நான் மேஜையில் உட்கார்ந்து, அவர்கள் பாலத்தில் நடந்துகொண்டிருக்கும்போதே இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முதல் நாள் அத்தானிடமிருந்து செய்தி: "ரூம் நல்லா இருக்கு. அக்காவுக்குப் புடிச்சிருக்கான்னு கேட்டுச் சொல்லும்மா." ஒரே அறையில் இருந்துகொண்டு! நானும் கேட்டேன், பழக்க தோஷம். அக்காவின் பதில்: "எதிர்லதான் உக்காந்திருக்கேன். அவரையே கேக்கச் சொல்லு." இரண்டாம் நாள்: "பனி பெய்யுது. அக்கா சிரிச்ச மாதிரி இருந்துச்சு. சந்தோஷமா இருக்காளான்னு தெரியல." இதற்கு நான் பதில் போடவில்லை.

இனி முடிவுகள். கைவசம் மூன்று இருக்கின்றன.

முடிவு ஒன்று: கடை இல்லை என்பது அத்தானுக்கும் முதலிலேயே தெரியும். இருவரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் தெரிந்துகொண்டே வந்திருக்கிறார்கள். மதிலோரம் நின்று சிரிக்கிறார்கள். பத்திரிகைக்காரர்களுக்குப் பிடிக்கும். ஆனால் அத்தானை எனக்குத் தெரியும், நான் எழுதிக் கொடுத்ததை அவர் சரிபார்க்கமாட்டார். என்னை அவ்வளவு நம்புகிறார்.

முடிவு இரண்டு: அவர் கல்லாக நிற்கிறார். அக்கா திரும்பி வந்து கையெழுத்துப் போடுகிறாள். அவர் தினமும் பலகையில் வில்லைகளை எண்ணிவிட்டுக் காலி வீட்டுக்குப்— இதை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. அப்படியே கிடக்கட்டும்.

முடிவு மூன்று: இப்போதே அவருக்கு ஒரு செய்தி அனுப்புகிறேன். "அத்தான், கடை இல்லை. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, 'எனக்கு உன்கிட்ட பேசத் தெரியல, ஆனா' என்று ஆரம்பியுங்கள்." தட்டச்சும் செய்துவிட்டேன். அந்த 'ஆனா'வுக்குப் பிறகு பிரமாதமான நாலு வரி. படித்தால் நீங்களே அழுவீர்கள். விரல் அனுப்பும் பொத்தானுக்கு மேல் நிற்கிறது.

(அனுப்பவில்லை. அக்காவுக்குப் பயந்து இல்லை. அந்த நாலு வரியும் என்னுடையவை.)

7

நாலு இருபது.

நாலு இருபத்தைந்து. மதிலோரம் நடந்து, திரும்பி, மறுபடியும் நடந்து பார்த்திருப்பார். கையில் கட்டம் போட்ட தாள் இருக்கும். நான் செய்த பாவம், நாயகனை நடுத்தெருவில் நிறுத்தியிருக்கிறேன்.

நாலு இருபத்தாறு. என் தொலைபேசி அடிக்கிறது. திரையில் 'அத்தான்'.

நினைத்தேன். அந்த மனிதருக்கு உலகத்தில் எந்தக் கதவு திறக்காவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடத் தெரியும். பக்கத்தில் அக்கா நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். நான் எடுத்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் துல்லியமாகத் தெரியும். "என்னம்மா, கடையக் காணோம்" என்பார். நான் மன்னிப்புக் கேட்டுவிட்டு, என்ன செய்யலாம் என்று சொல்லிக் கொடுப்பேன். அவர் அதை அப்படியே செய்வார். நன்றாகவும் இருக்கும். அக்கா வந்து கையெழுத்துப் போடுவாள்.

எடுக்க வேண்டும் என்று கை துடிக்கிறது. அவர் பாவம், எனக்கு அவரைப் பிடிக்கும்.

நான் எடுக்கவில்லை. முழுக்க அடித்து நின்றது.

நாலு இருபத்தெட்டு. மறுபடியும் அத்தான். இந்தத் தடவை மூன்றாவது மணியிலேயே அறுந்துவிட்டது. அக்கா பிடுங்கியிருக்கலாம். அவரே வெட்டியிருக்கலாம். விரல் விறைத்துக் கீழேகூடப் போட்டிருக்கலாம்.

மூன்றாவது அழைப்பு வரவில்லை. இப்போது நாலு ஐம்பது ஆகிவிட்டது.

அவர்கள் இருவரும் பேசிக்கொள்வது என் வழியாக வராமல் இருப்பது இந்த இருபத்தொரு வருடத்தில் இதுதான் முதல் தடவை. பேசுகிறார்களா என்பதுகூட எனக்குத் தெரியாது. வேண்டுமானால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எழுதியதைச் சரிதானா என்று என்னிடம் கேட்டு வராதீர்கள், நான் எடுக்கமாட்டேன்.