ஜோர்டன் கடையின் அலமாரிப் பலகை

ஜோர்டனின் கடைக் கதவைத் தள்ளியதும் அதன் தலையில் கட்டியிருந்த மணி அடித்தது. அந்தச் சத்தம் குன்றைத் தாண்டி ஊர் முழுக்கக் கேட்டிருக்கும் என்று சபீனாவுக்குத் தோன்றியது. சால்வையை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு வாசற்படியிலேயே நின்றாள். எந்த வீட்டுக்குள் கால் வைத்தாலும் "இங்க இருக்கிற எல்லாரையும் ஆண்டவர் காப்பாத்தட்டும்" என்று சொல்லிவிட்டு நுழைவதுதான் பிறந்ததிலிருந்து அவள் பழகிய பழக்கம். உள்ளே இருப்பவர் "உங்களையும் காப்பாத்தட்டும்" என்பார். அதற்குப் பிறகுதான் மற்ற பேச்சு. பகையாளி வீடானாலும் அப்படித்தான். சொல் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிவிட்டு உள்ளே போனாள்.

மைல்ஸ் ஜோர்டன் கல்லாவுக்குப் பின்னாலிருந்து எழுந்தார். அலமாரிகள் பெரும்பாலும் காலியாக இருந்தன. தேயிலை டின்கள் இருந்த இடங்களில் வட்டவட்டமாகத் தடம் மட்டும் தெரிந்தது. பின்கட்டில் அவருக்குக் காவலாக வந்திருந்த இரண்டு போலீஸ்காரர்கள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். ஜோர்டன் பேச வாயெடுத்தார். குரல் வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மணிக்கு இன்னும் சத்தம் இருக்கான்னு நேத்துதான் நானே அடிச்சுப் பாத்தேன்," என்றார்.

சபீனா சிரிக்கவில்லை. "சிவப்புச் சீட்டு வேணும்."

"ஆஸ்டினுக்கா?"

"ஆமா. மூச்சு விட முடியல. நெஞ்சுக்குள்ள கொதிக்குது."

போன குளிர்காலத்தில் வாரம் தவறாமல் பூசைக்கு வரும் மல்லாய் குடும்பத்தை நிலக்காரரின் ஆட்கள் போலீஸோடு வந்து குத்தகை வயலைவிட்டு வெளியேற்றினார்கள். கூரையைப் பிரித்துப் போட்டார்கள். குழந்தைகளோடு அவர்கள் கப்பலேறிப் போனார்கள். ஒரு மாதம்கூட ஆகவில்லை, அந்த வயலை ஜோர்டன் குத்தகைக்கு எடுத்தார். அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் முற்றத்தில் குத்தகைக்காரர் சங்கம் கூடியது. கல்லின்மேல் ஏறி நின்று பேசியவன் சபீனாவின் புருஷன் ஆஸ்டின்தான். "அவரை யாரும் அடிக்க வேண்டாம், வைய வேண்டாம். பேசாம இருந்தாப் போதும். அவர்கிட்ட வாங்காதீங்க, அவருக்கு விக்காதீங்க, எதுக்க வந்தா ஆகாசத்தப் பாருங்க," என்றான். எல்லாரும் கை தூக்கினார்கள். சபீனாவும் தூக்கினாள். அதில் நியாயம் இருந்தது. அதற்குப் பிறகு வேறு யார் வயலையும் எடுக்க எவரும் துணியவில்லை. நிலக்காரரே இறங்கி வந்து குத்தகையைக் குறைத்தார். சட்டம் ராணியுடையது, நீதிபதி ராணியுடையவர், துப்பாக்கியும் ராணியுடையது. ஏழைக்கு மிஞ்சியது வாயை மூடிக்கொள்வது ஒன்றுதான் என்று ஆஸ்டின் சொல்வான்.

ஆனால் ஏழை வீட்டுக்கு இலவசமாக மருத்துவர் வர வேண்டுமென்றால் சிவப்புச் சீட்டு வேண்டும். விரிகுடாவின் இந்தப் பக்கம் அதை எழுதிக் கொடுக்கும் அதிகாரம் ஜோர்டன் ஒருவருக்குத்தான் இருந்தது. அந்தப் பக்கம் சீட்டு எழுதும் பெரிய மனிதர் டப்ளினுக்குப் போயிருந்தார். சீட்டுக் கிடைக்கும் ஏழை விடுதி இருக்கிற பட்டணத்துக்கு ஒரு நாள் நடை. "அவன் கையெழுத்துல நான் பொழைக்க வேணாம்," என்று ஆஸ்டின் இரண்டு நாளாக அவளைத் தடுத்துவைத்திருந்தான். இன்று காலை தடுக்கக்கூட அவனுக்கு மூச்சில்லை.

ஜோர்டன் எழுதினார், ஊதி மை உலர்த்தினார், நீட்டினார். மல்லாய் வயலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கல்லின்மேல் நின்று பேசியவனைப் பற்றியும் இல்லை. "பின்வாசல் வழியாப் போம்மா. ரோட்டுல ஆள் நடமாட்டம் இருக்கு," என்றார். அவள் முன்வாசல் வழியாகவே போனாள். மணி மறுபடி அடித்தது.

மருத்துவர் அன்று மாலையே குதிரையில் வந்தார். இளைஞர். ஆஸ்டின் முதுகில் காதை வைத்துக் கேட்டார். வெளியே வந்து கையைக் கழுவிக்கொண்டே, "ரெண்டு நாளைக்கு முன்னாடி கூப்பிட்டிருந்தா ஏதாவது செஞ்சிருக்கலாம்," என்றார். சபீனா துணியை நீட்டினாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு மருந்துப் புட்டியை ஜன்னலில் வைத்துவிட்டுப் போனார்.

"ஏ சபீனா," என்றான் ஆஸ்டின். கண்ணைத் திறக்கவில்லை. "சீட்டுக்கு என்ன கேட்டான்?"

"ஒண்ணும் கேக்கல."

"வயலப் பத்தி?"

"இல்லங்க."

"ஒண்ணுமே கேக்கலையா?"

"ஒண்ணுமே கேக்கல."

அவன் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவர் ஏதாவது கேட்டிருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும் என்று அவளுக்குப் புரிந்தது. மறுநாள் கோயில் சாமியார் வந்து, சாகப்போகிறவருக்கு எண்ணெய் பூசும் அவஸ்தைபூசுதல் கொடுத்தார். ஆஸ்டின் செபமாலையைப் பிடித்தபடியே போய்ச் சேர்ந்தான்.

சாவு வீட்டு வழக்கப்படி சபீனா கடிகாரத்தை நிறுத்தினாள். அவனைக் குளிப்பாட்டி வெள்ளைச் சட்டை போட்டாள். இழவு வீட்டுக்கு வருகிறவர்களுக்கு வைக்க வேண்டிய, புகைபிடிக்கும் களிமண் சுங்கான்களைத் தட்டில் அடுக்கி, அவனுடைய புகையிலையையே நறுக்கிப் பக்கத்தில் வைத்தாள். அடுப்பில் கரிமண் கட்டிகளைக் கூடப் போட்டாள். கூட்டம் வந்தால் குளிரக் கூடாது. பிறகு முக்காலியில் உட்கார்ந்து வாசலைப் பார்த்தாள்.

யாரும் வரவில்லை.

மதியத்துக்குமேல் பின்பக்க ஜன்னலில் தட்டும் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டு ஹானர். கையில் துணி சுற்றிய ரொட்டி. உள்ளே எட்டிப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"உள்ள வாடி," என்றாள் சபீனா.

"கோவிச்சுக்காத. எங்க வீட்டுக்காரரு பாத்தா கொன்னுடுவாரு."

"கடைக்குப் போனதுக்காக என்கிட்ட பேசக் கூடாதுன்னு சங்கத்துல சொன்னாங்களா?"

ஹானர் இல்லையென்று தலையை ஆட்டினாள். "யாரும் அப்படிச் சொல்லல சபீனா. பேசலாம்னும் யாரும் சொல்லல. ஒருத்தர் முதல்ல வந்தா எல்லாரும் வருவாங்க."

"அந்த ஒருத்தி நீயா இருக்கலாமே."

ஹானர் அழுதுகொண்டே ரொட்டியை ஜன்னலில் வைத்துவிட்டுப் போனாள். சவப்பெட்டிக்காகச் சபீனா தச்சர் லாவலிடம் போனபோது அவர் பலகை இல்லை என்றார். அவர் முதுகுக்குப் பின்னால் சுவரில் பலகைகள் சாய்ந்திருந்தன. அவற்றைப் பார்க்காமலிருக்க இரண்டு பேருமே சிரமப்பட்டார்கள். சாமியார், "ஞாயித்துக்கிழமை பிரசங்கத்துல நான் அவங்களுக்குச் சொல்றேம்மா," என்றார். அன்று செவ்வாய்.

பொழுது சாயும் நேரத்தில் சக்கரம் உருளும் சத்தம் கேட்டது. ஜோர்டன் கைவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். பின்னால் சற்றுத் தள்ளி அந்த இரண்டு போலீஸ்காரர்கள். வண்டியில் அவர் கடையின் அலமாரிப் பலகைகள், ஆணிப் பெட்டி, ரம்பம், சுத்தியல். வாசற்படிக்கு வெளியே நின்று தொப்பியைக் கழற்றினார். மழைத் தூறல் வழுக்கைத் தலையில் விழுந்தது.

"தச்சர் பலகை தரலன்னு போலீஸ்காரங்க சொன்னாங்க. நான் உள்ள வரல. இத இறக்கி வச்சிட்டுப் போயிடறேன். எனக்கு அலமாரி இனிமே எதுக்கு?"

சபீனா எழுந்து வாசலுக்கு வந்தாள். கீழே சரிவில் ஒவ்வொரு வீட்டுக் கூரையிலும் புகை நேராக எழும்பியது. ஒவ்வொரு வீட்டிலும் யாரோ பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். சிவப்புச் சீட்டை ஒருவேளை மன்னித்துவிடுவார்கள். புருஷன் உயிருக்காகப் போனாள் என்று பெண்களாவது சொல்வார்கள். வசந்தத்தில் உருளைக்கிழங்கு போட ஆள் வருவார்கள், பசு ஈனும்போது ஹானர் வருவாள். ஆனால் ஆஸ்டின் படுத்திருக்கும் வீட்டுக்குள் இந்த மனிதரைக் கூப்பிட்டால் அதற்கு மன்னிப்புக் கிடையாது. ஆஸ்டினே கூட மன்னிப்பானோ என்னவோ. அவள் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள்.

வருகிறவர்தான் அந்த வாழ்த்தை முதலில் சொல்ல வேண்டும். அவள் காத்திருந்தாள். ஜோர்டனின் உதடு அசைந்தது, சொல் வரவில்லை. அதைச் சொல்லத் தனக்கு உரிமையில்லை என்று அவர் நினைப்பதை அவள் கண்டாள். அன்று கடை வாசலில், நாக்கு நுனிவரை வந்ததைத் தான் விழுங்கியதும் நினைவுக்கு வந்தது.

அவர் சொல்லாத சொல்லுக்கு அவள் பதில் சொன்னாள்.

"உங்களையும் காப்பாத்தட்டும். உள்ள வாங்க. சுங்கான் இருக்கு."

அவர் படியைத் தாண்டும்போது கால் இடறியது.

சவப்பெட்டியை அவர்தான் அடித்தார். பழக்கமில்லாத கை. ஆணிகள் கோணலாக இறங்கின. சபீனா பலகையைப் பிடித்துக்கொண்டாள். அறுக்கும்போது தேயிலையும் சவுக்காரமும் மணத்தன. தட்டில் ஒரு சுங்கான் மட்டும் கறுத்தது. மற்றவை வெள்ளையாகவே இருந்தன.

மறுநாள் காலை தூக்க ஆளில்லை. ஜோர்டன் தயங்கித் தயங்கிப் போலீஸ்காரர்களைப் பார்த்தார். அவர்களில் வயதானவர், தெற்கே எங்கோ ஒரு கிராமத்துக்காரர், துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டு, "எங்கப்பாவும் குத்தகைக்காரர்தாம்மா," என்று சொல்லித் தலைமாட்டைப் பிடித்தார். ராணியின் போலீஸைக் கண்டால் எச்சில் துப்புகிற ஆஸ்டின், அவர்கள் கையிலேறித்தான் வாசலைத் தாண்டினான்.

பெட்டியை ஏற்றிய கைவண்டி சரிவில் இறங்கியது. ஒவ்வொரு வீட்டுக் கதவும் சாத்தியிருந்தது. ஹானர் வீட்டுக் கதவின் மேல்பாதி மட்டும் ஒரு சாண் திறந்திருந்தது. வண்டி நெருங்கியதும் அதுவும் மெல்ல மூடிக்கொண்டது. தாழ் விழும் சத்தம் கேட்குமென்று சபீனா நடந்துகொண்டே காத்திருந்தாள். சக்கரச் சத்தத்தில் அது கேட்கவில்லையா, விழவே இல்லையா, தெரியவில்லை. அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். மழை வலுத்தது. பெட்டி மூடியில் தேயிலை டின்கள் இருந்த வட்டத் தடங்கள் ஈரத்தில் ஒவ்வொன்றாகக் கறுத்துத் தெளிந்தன.