இராமலிங்கம் பெயரில் ஒரு லைசென்ஸ்

கீழ்பென்னாத்தூர் தாலுகா அலுவலகத்தில் நான் வரைவாளர். அண்ணன் தம்பிகள் நிலத்தைப் பாகம் பிரித்தால் யாருக்கு எந்தத் துண்டு என்று உட்பிரிவு வரைபடம் போடுவது என் வேலை. நில அளவர் வயலில் அளந்து வருவார், நான் கம்ப்யூட்டரில் கோடு போடுவேன். ஆனால் அச்சாகி வரும் ஒவ்வொரு வரைபடத்தின் அடியிலும் "வரைந்தவர்: இராமலிங்கம்" என்றுதான் இருக்கும். என் பெயர் உண்ணாமலை.

இராமலிங்கம் சார் எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர். நான் சேர்ந்த மாதக் கடைசியில்தான் அவர் ஓய்வு பெற்றார். வரைபடம் போடும் சாஃப்ட்வேரை அவரவர் பெயரில் லைசென்ஸ் இருந்தால்தான் திறக்க முடியும். எனக்கும் ஒன்று வேண்டும் என்று வேங்கிக்கால் மாவட்ட அலுவலகத்துக்கு எழுதினோம். அது கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. அவர் ஓய்வு பெற்ற அன்றும் வெளியே ஜனங்கள் நின்றுகொண்டிருந்தார்கள். "வர்றப்ப வரட்டும்மா, அதுவரைக்கும் என்னோடதுல ஓட்டு" என்று பாஸ்வேர்டைச் சொல்லிவிட்டு, போட்ட மாலையோடு வீட்டுக்குப் போய்விட்டார். எங்கள் துறையில் இது அதிசயமே இல்லை. நாற்காலி, விசிறி, பழைய ஆளின் பாஸ்வேர்டு எல்லாம் சேர்ந்துதான் கைக்கு வரும்.

அவர் ரமணாசிரமத்துப் பக்கம் மாடி அறைகளை வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு நிம்மதியாகக் காபி குடித்துக்கொண்டிருந்தார். அதே நேரம் கீழ்பென்னாத்தூரில் மாடாக உழைத்துக்கொண்டும் இருந்தார். ஜனங்கள் வந்து, "இராமலிங்கம் சார் நல்லா போட்டுக் குடுத்தாரு" என்று என் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டுப் போவார்கள்.

இதையெல்லாம் சிரித்துத் தள்ளிவிடலாம். பதவி உயர்வு என்று வந்தபோதுதான் வயிறு எரிந்தது. முதுநிலை வரைவாளர் ஆவதற்கு இந்த வருடம் புதிதாக ஒரு விதி. யார் எவ்வளவு வரைந்தார்கள் என்று சாஃப்ட்வேரே சொல்லும், அதை வைத்துத்தான் பட்டியலில் பெயர் சேர்ப்பார்கள். சாஃப்ட்வேரைக் கேட்டால் உண்ணாமலை என்று ஒருத்தி பிறக்கவே இல்லை என்றது. மாவட்ட அலுவலகத்துக் கண்காணிப்பாளர் கண்ணாயிரத்திடம் போய் நின்றேன்.

"நான் இன்னாம்மா பண்றது, சிஸ்டத்துல நீ இல்லியே" என்றார்.

"அதான் சார், என் பேர்ல ஒரு லைசென்ஸ் குடுங்க."

"எங்கம்மா இருக்குது? இருக்கறதே கம்மி."

அவர் மேசையிலேயே ஒன்று இருந்தது. அவருக்கு மேலே உள்ளவருக்கு ஒன்று, அவருடைய உதவியாளருக்கு ஒன்று. அதிகாரி நாற்காலிக்கு வெள்ளைத் துண்டு போர்த்துவது போல, பதவியைப் பார்த்து லைசென்ஸையும் போர்த்தியிருந்தார்கள். ஒருவரும் அதைத் திறந்தது கிடையாது. போதாக்குறைக்கு வருடா வருடம் தேவையைப் போல இரண்டு பங்கு கேட்பார்கள். சென்னையில் எப்படியும் பாதியை வெட்டுவார்கள் என்று கணக்கு. ஒரு வருடம் வெட்டாமல் அப்படியே அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து அவ்வளவும் சும்மாவே புதுப்பிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. கீழே வேலை செய்கிற எங்களுக்கு மட்டும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் அருணாதேவி வந்தாள். மாவட்டத்தில் எந்த சாஃப்ட்வேர் எவ்வளவு வேண்டும் என்று பார்த்து, வீண்செலவைக் குறைத்துவிட்டுப் புதுப்பிக்கச் சொல்லி அனுப்பப்பட்ட அதிகாரி. என்னைவிடச் சின்னவள். அவள் யாரிடமும் எத்தனை வேண்டும் என்று கேட்கவில்லை. கேட்டால் இன்னும் ஜாஸ்தியாகத்தான் சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. வெகுநாளாகத் திறக்காத லைசென்ஸ்களை எல்லாம் சத்தமில்லாமல் நிறுத்திவைத்துவிட்டு, யார் கூப்பிடுகிறார்கள் என்று காத்திருந்தாள். ஒரு போன்கூட வரவில்லை. கண்ணாயிரத்துக்குத் தன்னுடையது நின்றதே தெரியாது.

அதோடு விட்டிருக்கலாம். அடுத்து ஓய்வு பெற்றவர்கள், இறந்துபோனவர்கள் பெயரில் இருந்ததையும் நிறுத்தினாள். ஒரு திங்கட்கிழமை காலை என் திரை மூடிக்கொண்டது. பாதி வரைந்த வரைபடம் உள்ளே, நிலத்துக்காரர் வெளியே. எனக்கு வந்த கோபத்தில் வேங்கிக்காலுக்குப் போன் போட்டேன்.

"இராமலிங்கம் சாரோடத ஏன் நிறுத்தினீங்க?"

"அவர் ரிட்டயர்டு ஆயிட்டாரேங்க."

"அவர்தான் ஆனாரு, நான் ஆகல!"

சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. அடுத்தவர் பாஸ்வேர்டில் வேலை செய்வது குற்றம், அதை என் வாயாலேயே சொல்லிவிட்டேன். பதவி உயர்வு போகட்டும், மெமோ வந்தால் இருக்கிற வேலைக்கே ஆபத்து.

"அங்கயே இருங்க, வர்றேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

பஸ்ஸில் வந்து இறங்கினாள். ஜீப் கேட்டால் சாயந்திரம் ஆகிவிடும் என்று பஸ் ஏறிவிட்டாளாம். என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, முதல் காரியமாக இராமலிங்கத்தைத் திறந்துவிட்டாள். நான் வரைந்து முடித்து நிலத்துக்காரர் கையில் கொடுக்கும்வரை காத்திருந்தாள். பிறகு சொன்னாள்: "பேரை மட்டும் பாத்து நிறுத்திட்டேன். என் தப்புதாங்க. இந்த மாதிரி வேற எங்கெல்லாம் நடக்குது?"

மற்றவர்களை நான் எப்படிக் காட்டிக் கொடுப்பது? அவளே மற்ற தாலுகாக்களுக்குப் போன் போட்டாள். "மெமோ வராது, நான் பொறுப்பு, உண்மையச் சொல்லுங்க" என்றாள். ஒருவரும் நம்பவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. போனைப் பிடுங்கி, "யோவ், நானே சொல்லிட்டேன், உனக்கு இன்னாய்யா?" என்று ஒவ்வொருவரையும் ஒரு பிடி பிடித்தேன். அப்புறம் உண்மை மடமடவென்று வந்தது. மாவட்டம் முழுக்க ஓய்வு பெற்றவர்கள்தான் உழைத்துக்கொண்டிருந்தார்கள்.

நிறுத்திவைத்த லைசென்ஸ்களில் எங்களுக்கு ஆளுக்கொன்று அவரவர் பெயரில் தந்தாள். மிச்சத்தைச் சென்னைக்கே திருப்பி அனுப்பப் போகிறாள் என்றதும் கண்ணாயிரம் குதித்தார். "திருப்பிக் குடுத்தா அடுத்த வருஷம் கால்ல வுழுந்தாலும் வராது. அதுவும் ஆபீசர் கம்ப்யூட்டர்ல இல்லாம எப்படி?"

நானாக இருந்தால், ஒரு கோடு போட்டுக் காட்டுங்க சார் என்று நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்டிருப்பேன். அவள் கேட்கவில்லை. "உங்களுக்குப் பாக்கறதுக்குத்தானே சார் வேணும்? அதுக்கு இலவசமாவே ஒண்ணு இருக்கு" என்று போட்டுக் கொடுத்து, எப்படிப் பெரிதாக்கிப் பார்ப்பது என்றும் சொல்லித் தந்தாள். எந்த அலுவலகத்துக்குத் தேவை வந்தாலும் சும்மா இருக்கிற இடத்திலிருந்து தானே மாற்றித் தருவதாக எழுதிக் கையெழுத்தும் போட்டாள். கண்ணாயிரம் அன்று முழுக்க வரைபடங்களைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மேல் எனக்கு அன்றைக்குத்தான் உண்மையான மரியாதை வந்தது.

என் பெயரில் லைசென்ஸ் வந்துவிட்டது. ஆனால் பழைய உழைப்பெல்லாம் இன்னும் இராமலிங்கத்திடம் இருந்தது. வரைந்தது நான்தான் என்று அவர் எழுதிக் கொடுத்தால் ஒழிய அது எனக்கு வராது. கேட்டதற்கு, "பென்ஷன்ல கை வெச்சிடுவாங்கம்மா" என்று ஒதுங்கிவிட்டார். அருணாதேவி அவர் வீட்டுக்கே போய்ப் பேசினாள். பார்க்கலாம் என்றாராம், அவ்வளவுதான்.

பதவி உயர்வுக் குழு கூடிய நாளில் நானும் போய் உட்கார்ந்திருந்தேன். "பாஸ்வேர்டைப் பகிர்ந்தவருக்குப் பதவி உயர்வா?" என்றார் தலைவர். அருணாதேவி தன் குறிப்பை எழுந்து நின்று படித்தாள். "வேலை செய்கிறவருக்கு லைசென்ஸ் தராமல் வேலை மட்டும் கேட்டது அலுவலகத்தின் தவறு. நடவடிக்கை எடுப்பதானால் லைசென்ஸ் வழங்க வேண்டிய பிரிவின் மீது எடுக்க வேண்டும், இப்போது அந்தப் பிரிவின் பொறுப்பாளர் நான்." எனக்காக இப்படி ஒருவர் கழுத்தை நீட்டி நான் பார்த்ததே இல்லை.

கதவைத் திறந்துகொண்டு இராமலிங்கம் சார் வந்தார். நெற்றி நிறைய விபூதி. கேட்பதற்கு முன்பே சொன்னார்: "ரிட்டயர்டு ஆனப்புறம் நான் ஒரு கோடு போட்டதில்லைங்க. எல்லாம் இந்தப் பொண்ணு போட்டது. இந்தம்மா என் வூட்டுக்கு வந்து, தப்பு எங்களுதுதான், பழி உங்க மேல வராம நான் நின்னுக்கறேன்னு சொல்லிச்சு. ஒரு ஆபீசர் வாயால இத நான் சர்வீஸ்ல கேட்டதே இல்ல. அதான் வந்துட்டேன்."

பதவி உயர்வு உத்தரவு கைக்கு வந்ததும் முதல் போன் அவளுக்குத்தான் போட்டேன். உத்தரவை அப்படியே படித்துக் காட்டினேன்.

"சந்தோஷம்க்கா" என்றாள். "உங்க இடத்துக்கு தென்றல்னு புதுசா ஒருத்தங்க வர்றாங்க. அவங்க பேர்ல லைசென்ஸ் இப்பவே போட்டுட்டேன். கீழ்பென்னாத்தூர்ல உங்களோடத சாயந்திரம் நிறுத்திடுவேன், வேலைய அதுக்குள்ள முடிச்சிடுங்க."

கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைசி வரைபடத்தை முடிக்க உட்கார்ந்தேன்.