மறுபக்கம் காலி

அப்போது நான் வேப்பந்தட்டைப் பக்கம் கிராம நர்சு. எமர்ஜென்சி முடிந்து ஆறேழு வருடம் ஆகியிருந்தது. பள்ளிவாசல் தெருவில் பாதி வீட்டு ஆண்கள் சவுதியில் இருந்தார்கள். வீட்டில் எந்த முடிவென்றாலும் அங்கிருந்து வார்த்தை வரவேண்டும். அது கேசட்டில் வரும். லீவில் வருகிறவர் யாராவது கொண்டுவந்து கொடுப்பார்.

மைமூனின் கைக்குழந்தை ஜாபருக்கு கக்குவானுக்கும் சேர்த்துப் போடும் முத்தடுப்பு ஊசி போட ஐஸ் பெட்டியோடு போனேன். அவள் குழந்தையை நீட்டினாள். மாமியார் ரஹ்மத்தும்மா வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார்.

"எமர்ஜென்சில என் தம்பிய பஸ்ஸ நிறுத்தி இழுத்துட்டுப் போயி புள்ள பொறக்காம ஆபரேசன் பண்ணி வுட்டாங்க. இப்ப பேரனுக்கு ஊசியா? எம்மவன் சொல்லட்டும், பாப்போம்."

அவர் சொன்னதில் பொய்யில்லை. அதனாலேயே எனக்கு ஆத்திரம் பொங்கியது. எவனோ செய்த அக்கிரமத்துக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

"சரி, அவரையே கேளுங்க" என்றேன். மைமூன் டேப் ரிக்கார்டரை என் முன்னால் வைத்தாள். மேடையேறிய கட்சிக்காரி மாதிரி தொண்டையைச் செருமிக்கொண்டு, கக்குவான் இருமலைப் பற்றி அவள் கணவன் இதாயத்துல்லாவுக்கு விளக்கிச் சொன்னேன். கேசட் போயிற்று.

அடுத்த மாதம் பதில் இல்லை. அதற்கடுத்த மாதமும் இல்லை. அதற்குள் தெருவில் இருமல் கிளம்பிவிட்டது. ரஹ்மத்தும்மாவின் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன்.

"எம்மவன் வார்த்தை வரட்டும்ங்க."

கக்குவான்தான் முந்திக்கொண்டது. பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ்ஸில், மைமூன் மடியிலேயே ஜாபர் இருமி இருமி நீலம் பாரித்து அடங்கிப்போனான். "அங்க தனியாக் கெடக்குறான், தாங்க மாட்டான்" என்று மகனுக்குத் தந்தி கொடுக்கக்கூட ரஹ்மத்தும்மா விடவில்லை.

அடக்கம் முடிந்து சில வாரம் கழித்து கேசட் வந்தது. இதாயத்துல்லா எங்கள் கேசட்டைக் கேட்ட அன்றைக்கே பேசிக் கொடுத்துவிட்டானாம். கொண்டுவர வேண்டியவருக்கு லீவு தள்ளிப்போய்விட்டது. மைமூன் என்னையும் உட்காரவைத்துப் போட்டாள்.

"மைமூனு, நர்சம்மா பேசுனதக் கேட்டேன். வெவரமாச் சொல்றாங்க. உடனே போட்டுடு. ம்மா, நீங்க பயப்படாதீங்க. மறுபக்கத்தக் காலியா வுட்டுருக்கேன். ஊசி போடுறப்ப ஜாபரு அழுவான்ல, அதப் புடிச்சு அனுப்புங்க. எம்புள்ள கொரலக் கேக்கணும்."

ரஹ்மத்தும்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மைமூன் அழவில்லை. கேசட்டைத் திருப்பிப் போட்டாள். ரிக்கார்டு பட்டனை அழுத்தி, டேப் ரிக்கார்டரை மாமியார் பக்கம் தள்ளினாள்.

"சொல்லுங்க மாமி" என்றாள்.