நாற்பது வாளி

முற்றத்தில் பறைமேளம் மூன்றாம் முறையாகத் தொடங்கியபோது குணலட்சுமி தெல்லிப்பழைப் பசுவின் மடியில் பாதிதான் கறந்திருந்தாள். பசு மிரண்டு காலை மாற்றி வைத்தது. அவள் நெற்றியை அதன் விலாவில் முட்டுக்கொடுத்தபடி, "நில்லடி. அது உனக்கு இல்லை" என்றாள்.

"குணம்! உனக்கென்ன விசரே?"

கொட்டில் வாசலில் பெரியம்மா பத்மாவதி சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"கொப்பர் செத்து விறாந்தையிலை கிடக்கிறார். தலைமாட்டிலை இருந்து அழ வேண்டிய மகள் பால் கறக்கிறாள். சனம் என்ன கதைக்கும்?"

"மடி கட்டிப்போய்க் கிடக்கு, பெரியம்மா. கறக்காட்டி இதுவும் அழும்."

"கறந்து என்ன செய்யப் போறாய்? செத்த வீட்டுப் பால். முப்பத்தொரு நாளைக்கு இந்த வீட்டிலை ஒருத்தரும் பச்சைத் தண்ணியும் வாங்கிக் குடியாயினம்."

"குடிக்கிறவை வருவினம்."

ஒருத்தி வந்துதான் இருந்தாள். பெரியம்மாவுக்குப் பின்னால் மரியநாயகி அலுமினியக் கானோடு நின்றாள். மயிலிட்டிக்காரி. போன வருசம் ஆனி மாதம் ஷெல்லடியில் ஓடிவந்து, உரும்பிராய்ப் பள்ளிக்கூடத்தில் நாற்பது குடும்பங்களோடு இருக்கிறாள். விடிந்தால் பால் வாங்க வருவாள். இன்று கறுப்புச் சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். விறாந்தையில் கிடத்தியிருந்தவருக்கு முன்னால் சிலுவை போட்டுக் கும்பிட்டுவிட்டு நேரே பின்பக்கம் வந்துவிட்டாள்.

"உங்களுக்கும் செத்த வீட்டுத் துடக்குத் தெரியாதே?" என்றாள் பெரியம்மா.

"தெரியுமணை அக்கா. ஆனா பால்குடிப் பிள்ளையள் பதினேழு கிடக்கு. அதுகளுக்கு இன்னும் ஒருத்தரும் சொல்லிக் குடுக்கேல்லை."

குணலட்சுமிக்குச் சிரிப்பு வந்தது. செத்த வீட்டில் சிரித்த மகள் என்ற பெயரும் வர வேண்டாமென்று பசுவின் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

அது புகையிலை உலர்த்தும் கொட்டில். இப்போது பதினொரு மாடுகள், பத்துப் பதினைந்து ஆடுகள், ஏழு நாய்கள். ஒன்றும் அவர்களுடையதல்ல. காங்கேசன்துறை, மயிலிட்டி, தையிட்டி, தெல்லிப்பழை என்று வடக்கே இருந்து ஓடிவந்த சனம் கையில் பிடித்துக்கொண்டு வந்தவை. பள்ளிக்கூடத்து வகுப்பறைக்குள் ஆட்களுக்கே படுக்க இடமில்லை. மாட்டை எங்கே கட்டுவது? வீதியோரம் ஒரு கிழவர் பசுவோடு இருந்து அழுததைக் கண்டு அவள் அப்பா பஞ்சலிங்கம் முதல் மாட்டைக் கொண்டுவந்தார். பிறகு அவர் போய்க் கூப்பிடத் தேவையிருக்கவில்லை.

ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு துண்டுத் தகரம் தொங்கியது. பால்மாப் பேணியை வெட்டி, ஆணியால் எழுத்துக் கீறி, கம்பியில் கோத்துவிடுவார். 'சீவரத்தினம், தையிட்டி. இப்ப பள்ளிக்கூடம், மூண்டாம் வகுப்பு.' குடும்பம் வேறு முகாமுக்குப் போனால் புதுத் தகரம். "சனத்துக்கு நிவாரணக் கார்ட் குடுக்கிறாங்கள். இதுகளுக்கு ஆர் குடுத்தது? நான் குடுத்தன்" என்பார். சீவரத்தினம் தன் தமக்கை உயிரோடு கோப்பாயில் இருக்கிறாள் என்று அறிந்ததும் ஒரு செவலை நாயின் கழுத்தைப் பார்த்துத்தான். அதன் பிறகு சனம் மிருகம் பார்க்கிற சாட்டில் ஆட்களைத் தேடி வரத் தொடங்கியது.

தண்ணீர்தான் பெரும்பாடு. மண்ணெண்ணெய் இல்லாததால் இறைக்கும் மெஷின் சாக்குக்குக் கீழே கிடந்தது. அப்பா துலாவால் அள்ளி, தகர வாளியில் ஊற்றி, தொட்டிக்குத் தொட்டி சுமந்தார். நாளுக்கு நாற்பது வாளி. நேற்று மத்தியானம் முப்பதோ முப்பத்தொன்றோ. கிணற்றுக்கட்டில் இருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். சைக்கிளில் ஏற்றுவதற்கு முதலே முடிந்துவிட்டது.

அதற்கு முதல் நாள்தான் அம்மா கத்தியிருந்தாள். "எனக்குத் தலைமுழுக ஒரு வாளி அள்ளித்தர ஆளில்லை. ஊரார் மாட்டுக்கு நாப்பது வாளி!" அப்பா அடுத்த வாளியைத் தூக்கிக்கொண்டு போனார். நேற்றிலிருந்து அம்மா வாயே திறக்கவில்லை. அழவும் இல்லை. தலைமாட்டில் இருந்து கொட்டில் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வைதான் குணலட்சுமிக்குப் பயமாக இருந்தது.

கான் நிறைந்தது. மரியநாயகி அதை ஒரு பெடியனின் சைக்கிளில் முகாமுக்கு அனுப்பிவிட்டுத் தான் நின்றுகொண்டாள். குணலட்சுமி கையைக் கழுவத் திரும்பியபோது பெரியப்பா தம்பிராசா முன்னால் நின்றார். கண் வீங்கியிருந்தது. அப்பாவின் தமையன். இரண்டு வளவு தள்ளி வீடு.

"பிள்ளை, பிரேதம் படலையைத் தாண்டேக்கை இந்தக் கொட்டில் வெறுமையா இருக்க வேணும்."

"ஏன்?"

"ஏனோ? உன்ரை அப்பனை ஆர் கொண்டது? நான்தான் தூக்கினனான். வாளிக் காதைப் பிடிச்ச கை இறுகிப்போய்க் கிடந்தது. ஒவ்வொரு விரலா நான்தான் விரிச்சு எடுத்தனான்." தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். செருமினார். "அந்த வாளியை வேலிக்கு அங்காலை எறிஞ்சுபோட்டன். உதுகளையும் அவிட்டுவிட வேணும்."

"அவிட்டா எங்கை போகும் பெரியப்பா?"

"சீவன் தன்ரை வழியைப் பாக்கும்."

"அதுதான் பயம். அதுகளுக்கு ஒரு வழிதான் தெரியும்."

அவள் கொட்டிலைத் தாங்கிய கப்புக்காலில் அடித்திருந்த ஆணியைக் காட்டினாள். ஒரு தகரம் மட்டும் அதில் தொங்கியது. முதல் கிழமையே தையிட்டிப் பசு ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு பலாலி வீதியால் வடக்கே, தன் வீட்டுக்கு நடந்துவிட்டது. மூன்றாம் நாள் புன்னாலைக்கட்டுவன் பக்கமிருந்து வந்த ஒருவர் அந்தத் தகரத்தைத்தான் கொண்டுவந்து தந்தார். அதன் ஒரு பக்கம் கருகி வளைந்திருந்தது. மிதிவெடி.

பெரியப்பாவுக்கும் அந்தக் கதை தெரியும். தகரத்தைப் பார்க்காமல் கொட்டில் கூரையைப் பார்த்தார்.

"கொண்ணன் ஜேர்மனியிலை. செய்தி போகவே ரண்டு கிழமை எடுக்கும். கொம்மா ஏலாத மனுசி. நாப்பது வாளி ஆர் அள்ளுறது? நீயோ?"

"ஓம்."

"ஓமாம்! எத்தினை நாளைக்கு?"

"அவையள் வீட்டை போகுமட்டும்."

"அவையள் போகமாட்டினம் பிள்ளை. உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

"அப்ப அதுவரைக்கும்."

அவர் கையை ஓங்கவில்லை. ஆனால் ஓங்கியது போலத்தான் இருந்தது. "இது என்ரை தம்பியின்ரை வீடு. நான் சொல்லுறன்."

"அவிட்டுப் பாருங்கோ. நான் திருப்பிக் கட்டுவன்."

ஐயர் வந்துவிட்டார் என்று யாரோ கூப்பிட, பெரியப்பா போனார்.

அதன் பிறகு நேரம் அவள் கையில் இருக்கவில்லை. சுண்ணம் இடித்தார்கள். பாடினார்கள். வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார்கள். அப்பாவின் வலக்கையை அவள் பார்த்தாள். விரல்கள் நேராகக் கிடந்தன. பெரியப்பா அவ்வளவு கவனமாக விரித்திருக்கிறார். அம்மாவின் தாலியைக் கழற்றி அப்பாவின் நெஞ்சில் வைத்தபோது பெண்கள் எல்லோரும் குளறி அழுதார்கள். அம்மா வாயை இறுக்கி மூடிக்கொண்டு இருந்தாள்.

"கல்லு மாதிரி இருக்கிறாள்" என்று யாரோ சொன்னது கேட்டது.

பாடையைத் தூக்கினார்கள். பெரியப்பாவின் மகன் கொள்ளிச்சட்டியோடு முன்னால் நடந்தான். பெண்கள் படலைவரைக்கும்தான். பிரேதம் தெற்கே திரும்பியது. ஆண்கள் எல்லோரும் பின்னால் போனார்கள். பறை தூரத்தில் தேய்ந்தது.

பெண்கள் தலைமுழுகக் கிணற்றடிக்குப் போனார்கள். அம்மாவை வெள்ளைச் சேலையோடு கட்டருகில் இருத்தி, துலா வாளியால் அள்ளி ஊற்றினார்கள். மூன்றாம் வாளி ஊற்றும்போது அம்மா வாய் திறந்தாள்.

"வாளி எங்கை?"

"இந்தா, இதுதானே வாளி" என்றாள் பெரியம்மா.

"இதில்லை. அவரின்ரை வாளி."

"அது கூடாத சாமான். என்ரை மனுசன் வேலிக்கு அங்காலை எறிஞ்சுபோட்டார்."

அம்மா நனைந்த தலையைத் திருப்பிக் கொட்டிலைப் பார்த்தாள். குணலட்சுமியும் பார்த்தாள். ஒரு சத்தமும் இல்லை. தகரம் கிலுங்கும் சத்தம்கூட இல்லை.

கட்டுத்தறியில் கயிறுகள் மட்டும் கிடந்தன. அறுக்கவில்லை. அப்பாவின் விரல்களை விரித்த அதே கவனத்தோடு ஒவ்வொன்றாக அவிழ்த்து ஒழுங்காகப் போட்டிருந்தது. பின்வேலியில் போய்வரும் வழியான பொட்டுத் திறந்து கிடந்தது.

அவள் ஓடினாள். "தலை முழுகாமல் எங்கையடி ஓடுறாய்!" என்று பெரியம்மா கத்தியது முதுகுக்குப் பின்னால் கேட்டது. மரியநாயகியும் சேலையை உயர்த்திச் செருகிக்கொண்டு ஓடிவந்தாள்.

பின்வேலிக்கு அப்பால், ஒடுங்கிய ஒழுங்கை முழுக்க மாடுகள். அவசரமில்லாமல், வழி தெரிந்த நடையில் ஒன்றின் பின் ஒன்றாய்ப் போயின. ஆடுகள் வேலிக் குழையை இழுத்துத் தின்றபடி பின்னால் போயின. நாய்கள் மட்டும் ஓடிப்போய், நின்று, திரும்பிப் பார்த்தன. ஒழுங்கை முடிந்தால் பலாலி வீதி. அங்கிருந்து வடக்கே நேராய் ஒரே வீதி.

மரியநாயகி வேலியோரமாய் முந்திப் போய் ஒழுங்கை வாயில் கையை விரித்துக்கொண்டு நின்றாள். "போகாதேங்கோ! அங்கை ஒண்டுமில்லையடி! என்ரை வீட்டுக்குக் கூரையும் இல்லை, போகாதேங்கோ!"

தெல்லிப்பழைப் பசு அவளை விலத்திக்கொண்டு வீதியில் ஏறியது. இன்னொன்றும் ஏறியது. குணலட்சுமி ஒன்றின் கழுத்துக் கம்பியைப் பிடித்தாள். அது அவளையும் இழுத்துக்கொண்டு நடந்தது. கம்பி உள்ளங்கையை வெட்டியது. அவள் விடவில்லை. ஒன்றைப் பிடித்தால் பத்துப் போகும் என்று தெரிந்தும் விடவில்லை.

அப்போது பின்னால் அந்தச் சத்தம் கேட்டது.

டங். டங். டங்.

வாளிக் காதைத் தூக்கித் தூக்கி வாளியின் விளிம்பிலேயே அடிக்கும் சத்தம். ஒவ்வொரு நாளும் மத்தியானம் தொட்டி நிறைந்ததும் அப்பா அடிப்பது. குணலட்சுமி கம்பியைப் பிடித்தபடியே திரும்பினாள்.

மாடுகள் நின்றன. காதுகள் திரும்பின.

ஒழுங்கை நடுவில் அம்மா நின்றாள். சேலை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. கூந்தல் அவிழ்ந்து கிடந்தது. வேலிக்கு அங்காலை புகுந்து எடுத்திருக்கிறாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வேலிக் கிளுவை முள் கீறிய கோடு இரத்தமாய் இருந்தது. வாளியின் ஒரு பக்கம் நெளிந்திருந்தது. அவள் யாரையும் பார்க்கவில்லை. அடித்துக்கொண்டே நின்றாள்.

முதலில் நாய்கள் வந்தன. பிறகு ஆடுகள். வீதியில் ஏறிய தெல்லிப்பழைப் பசு வடக்கே ஒருமுறை பார்த்தது. மூக்கை உயர்த்தி மணந்தது. பிறகு மெல்லத் திரும்பியது.

"அம்மா, நீங்கள் படலை தாண்டி..." குணலட்சுமி முடிக்கவில்லை.

"விடியத் தொடக்கம் இதுகளுக்கு ஒருத்தரும் ஒரு சொட்டுத் தண்ணி காட்டேல்லை" என்றாள் அம்மா. குரல் கரகரத்தது. "நீயும் கறக்கத்தான் கறந்தாய்."

வேலிகளுக்கு மேலால் தலைகள் தெரிந்தன. பிரேதம் போய் ஒரு மணித்தியாலம் ஆகவில்லை, கைம்பெண் தெருவில். பெரியம்மா படலையில் இருந்து, "பூரணம், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியாமல் வெளியிலை வரப்படாது, உள்ளுக்கு வா!" என்று கெஞ்சினாள்.

"வழியை விடுங்கோ அக்கா" என்றாள் அம்மா. "மாடு இடிக்கும்."

பெரியம்மா விலகினாள். பின்பொட்டால் அல்ல, பிரேதம் போன அதே படலையால் அம்மா உள்ளே வந்தாள். பின்னால் தகரங்கள் கிலுங்கிக்கொண்டு எல்லாம் வந்தன. கிலுக்கம் முற்றம் முழுக்க நிறைந்தது. தலைமுழுகிய பெண்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கினார்கள். குணலட்சுமி எண்ணினாள். பதினொன்று. மறுபடியும் எண்ணினாள். பதினொன்று.

மரியநாயகி கயிறுகளை எடுத்துக் கட்டத் தொடங்கினாள். அம்மா துலாக் கயிற்றைப் பிடித்து இழுத்தாள். முதல் வாளி பாதிதான் வந்தது. இரண்டாவது முக்கால். குணலட்சுமி வெட்டுப்பட்ட கையை மாற்றிப் பிடித்து, நெளிந்த வாளியில் சுமந்தாள். நெளிந்த பக்கத்தால் தண்ணீர் காலில் சிந்தியது. பக்கத்து வீட்டு அருமைநாயகி மாமி கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஈரச் சேலையோடு வந்து துலாக் கயிற்றின் மறுபாதியைப் பிடித்தாள்.

பதினெட்டாம் வாளியில் ஆண்கள் சுடலையிலிருந்து திரும்பினார்கள்.

பெரியப்பாவின் கால்களில் முழங்கால்வரை சாம்பல் புழுதி. கால் கழுவாமல் வீட்டுக்குள் ஏற முடியாது. கிணற்றடிக்கு வந்தவர் நின்றுவிட்டார். கொட்டிலைப் பார்த்தார். கட்டுத்தறியைப் பார்த்தார். குணலட்சுமியிடமிருந்து வாங்கி அம்மா பிடித்திருந்த நெளிந்த வாளியைப் பார்த்தார். அதன் காதைப் பிடித்திருந்த விரல்களை நெடுநேரம் பார்த்தார்.

"பூரணம்" என்றார். அம்மா வாளியை நிறைத்துக்கொண்டிருந்தாள். மறுபடியும் சொன்னார். "கால் கழுவக் கொஞ்சத் தண்ணி..."

அம்மா திரும்பவில்லை.

"நில்லுங்கோ அத்தான்."

பெரியப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மற்ற ஆண்களும் பின்னால் நின்றார்கள். வெயில் இறங்கவில்லை. அவருக்கு முன்னால் தண்ணீருக்கு இன்னும் நான்கு மாடுகள் நின்றன.