கல்வீட்டுச் சாவிகள்

கண்டியில் கலஹாப் பக்கம் போகிற பஸ் ஏறி "கல்வீட்டுக்கு ஒண்ணு" என்று டிக்கெட் கேட்டால் கண்டக்டர் ஒரு முறை திரும்பிப் பார்ப்பார். அங்கே இறங்கி யாரைப் பார்க்கப் போகிறார்கள் என்பது அவருடைய யோசனை. தெய்வானையைத்தான். வேறு யாரும் அந்த ஊரில் இல்லை.

விக்டோரியா ராணி காலத்தில் ஹார்கிரீவ் என்றொரு வெள்ளைக்காரர் அந்த மலையை வாங்கினார். தேயிலைத் தோட்டத்துச் சனத்தின் வாயில் அவர் ஆக்ரி துரை. அவருடைய சொந்த ஊரில் ஒரு மில் முதலாளி, தொழிலாளிகளுக்கென்று பள்ளிக்கூடம், குளிக்கிற இடம், பேப்பர் படிக்கிற மண்டபம் என்று ஒரு முழுக் கிராமத்தையே கட்டி வைத்திருந்தாராம். அதைப் பார்த்த துரைக்குத் தானும் ஒன்று கட்ட வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. துரைக்கு ஆசை வந்தால் தடுக்க யார் இருக்கிறார்கள்? தேயிலை ஸ்டோரைச் சுற்றி இரண்டிரண்டாகக் கல்வீடுகள் எழும்பின. ஸ்டோர் என்றால் மலையகத்தில் கடை இல்லை, கொழுந்தை அரைத்துத் தூளாக்குகிற தொழிற்சாலை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு புகைபோக்கி, வாசலில் பூச்செடிக்கு ஒரு பாத்தி. சாராயக் கடைக்கு இடமில்லை. வாசல் பக்கம் துணி காயப்போடக் கூடாது என்று ஒரு சட்டம் வேறு. வெயில் விழுவதே வாசல் பக்கம்தான் என்பது துரைக்குத் தெரியாது, அவர் துணியை வேறு யாரோ காயப்போட்டார்கள். இதற்கு மாதிரிக் கிராமம் என்று பெயர். இதைப் பார்த்து வேறெந்தத் துரையும் ஒன்று கட்டியதாகத் தகவல் இல்லை.

மற்றத் தோட்டங்களில் லயத்துக் காம்பராவுக்கு, அதாவது வரிசையாகக் கட்டிய ஒற்றை அறை வீடுகளுக்கு, பூட்டு என்ற பேச்சே இல்லாத காலத்தில், கல்வீட்டுக் கதவுகளுக்கு இங்கிலாந்துப் பூட்டுகள் வந்தன. உள்ளங்கை நீளத்துக்கு இரும்புச் சாவி. சொந்தச் சாவி வைத்திருப்பவன் சொல்லாமல் கொள்ளாமல் வேறு தோட்டத்துக்கு ஓட மாட்டான் என்று துரை கணக்குப் போட்டிருக்க வேண்டும். அவர்கள் ஓடவும் இல்லை. பிறகு வந்த இலங்கை, இந்திய அரசாங்கங்கள் இரண்டும் தங்களுக்குள் பேசி முடித்து, அவர்களில் பாதிப்பேரைக் கோச்சி ரயிலில் ஏற்றி இந்தியாவுக்கு அனுப்பிவைத்தன.

அப்போது உண்டான வழக்கம் இது. வீட்டை விட்டுப் போகிறவர்கள் சாவியை ஆபீசில் கொடுக்க மாட்டார்கள். ஒரு வெற்றிலையில் வைத்து, ஊரில் தங்கப்போகிறவர் கையில் கொடுப்பார்கள். வாங்கிக்கொண்டவர் வெள்ளிக்கிழமைதோறும் அந்த வீட்டைத் திறந்து பெருக்கி ஒரு விளக்கு வைக்க வேண்டும். அவரும் போகிற நாள் வந்தால், தன்னிடம் உள்ளதையெல்லாம் சேர்த்து அடுத்தவரிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். கொடுக்காமல் போனால் போகிற இடத்தில் அடுப்பு எரியாது என்பார்கள். இந்தியாவுக்குப் போனவர்கள் கொடுத்தார்கள். கலவரத்துக்குப் பயந்து வவுனியாவுக்கு ஓடியவர்கள் அந்த அவசரத்திலும் கொடுத்தார்கள். கொழும்புக்கும் குவைத்துக்கும் போனவர்கள், ஸ்டோர் மூடியபிறகு கம்பளைக்கு இறங்கியவர்கள், எல்லோரும் கொடுத்தார்கள். கடைசியாக எதிர்வீட்டு ராக்கம்மா, மகள் வீட்டோடு போய்விட்ட அன்று, எல்லாம் சேர்ந்த பெரிய கொத்தைத் தெய்வானையின் கையில் வைத்துவிட்டுத் தலை நிமிராமல் நடந்தாள். தெய்வானை கொடுப்பதற்கு இனி ஆள் இல்லை என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது.

தெய்வானையின் புருஷன் ராஜலிங்கம் ஸ்டோரில் தேயிலை காயவைக்கிற பகுதியில் வேலை செய்தவர். ஸ்டோர் மூடிய அடுத்த வருடமே அவரும் போய்ச் சேர்ந்தார். ஒரே மகன் திலீபன் கண்டி டவுனில் ஒரு பாமசியில் வேலை செய்கிறான். கட்டுகஸ்தோட்டையில் மேல்மாடி வாடகை வீடு, பெண்டாட்டி சிந்துஜா. ஞாயிற்றுக்கிழமைகளில் தவறாமல் அம்மாவுக்குப் போன் எடுப்பான்.

"சாவிய யாருகிட்டயாச்சும் குடுத்துட்டு இங்க வந்துருங்கம்மா."

"யாருகிட்ட குடுக்குறது தம்பி?"

"அதுவும் சரிதான்," என்பான். அப்புறம் மழையைப் பற்றிப் பேசுவார்கள்.

ஒற்றை ஆளுக்கு ரொட்டி சுடுவது எவ்வளவு அலுப்பு என்பது சுட்டவர்களுக்குத்தான் தெரியும். ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர் வணக்கம் சொன்னால் அவளும் வணக்கம் சொல்வாள். வெள்ளிக்கிழமை பொழுதுசாயும் நேரத்தில் எல்லா வீட்டிலும் விளக்கு வைத்துவிட்டு வாசலில் வந்து நிற்பாள். எதிர்மலையில் இருந்து பார்ப்பவர்களுக்குக் கல்வீட்டில் ஊர் நிறைய ஆள் இருப்பதாகத் தெரியுமாம். அந்த வெளிச்சத்தைப் பார்க்கும்போதுதான் அவளுக்கு மற்ற நாட்களைவிடப் பயமாக இருக்கும். திங்கட்கிழமை தனக்கு ஏதாவது ஆகிவிட்டால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை போன் எடுக்கும்வரைக்கும் யாருக்கும் தெரியப்போவதில்லை என்று நினைப்பாள். அங்கிருந்து போக வேண்டும், மகனோடு இருக்க வேண்டும். அவளுக்கு வேண்டியிருந்தது இது ஒன்றுதான். தடையாக இருந்தது சாவி ஒன்றுதான் என்று முழுசாக நம்பினாள்.

அந்தச் சமயத்தில்தான் பஹீம் சேர் வந்தார். கண்டியில் படிப்பிக்கிற வாத்தியார். அவருடைய தாத்தா கல்வீட்டில் அரிசி மா விற்கிற கடை வைத்திருந்தவர். ஊரை விட்டுப் போனவர்களின் பிள்ளைகளைத் தேடிப் பிடித்து அவர் ஒரு நினைவுக் குழு அமைத்திருந்தார். நினைவுக்குக்கூடக் குழு அமைத்தால்தான் காரியம் நடக்கிறது, என்ன செய்ய. பேப்பர் படிக்கிற மண்டபத்தைச் சுத்தம் செய்து, பழைய படங்களை மாட்டி, ஊர்க் கதையை எழுதி வைக்கப் போவதாகச் சொன்னார். அனுமதியும் வாங்கியாயிற்று. கூடவே வந்த ஸுமைரா, பேராதனைக் கெம்பஸில் படிக்கிற பிள்ளை, எல்லாவற்றையும் கெமராவில் பிடித்துக்கொண்டாள்.

"எங்கட மூத்தாப்பாவும் இந்தக் கொத்துல ஒரு சாவிய வச்சிட்டுத்தான் போயீக்கிறார்," என்றார் பஹீம். "இனி இத மண்டபத்துலயே வைப்போம், தெய்வானக்கா. காவலுக்கு ஒரு ஆள் வந்து தங்குவார். வெள்ளிக்கிழமை வெளக்குக்கு நான் பொறுப்பு."

"நெசமாவே கையில வாங்கிக்குவீங்களா சேர்?"

"நீங்க தந்தா வாங்குவேன்."

அன்றைக்கு அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மண்டபத் திறப்பு விழாவுக்கு வா என்று மட்டும் திலீபனிடம் போனில் சொல்லி, மற்றதை அடக்கிக்கொண்டாள். அவன் கண்முன்னே கொடுக்க வேண்டும், கொடுத்த கையோடு அவன் "கெளம்புங்கம்மா" என்று சொல்ல வேண்டும். கோழிகளைப் பஸ் நிற்கிற இடத்துக் கடைக்காரப் பெண்ணிடம் கொடுத்தாள். பேக்கில் சேலைகளை மடித்து வைத்தாள், பிரஷருக்குப் போடுகிற குளிசைகளை வைத்தாள். ராஜலிங்கத்தின் படத்தைச் சுவரிலிருந்து கழற்றி, துடைத்து, ஒரு துவாயில் சுற்றிச் சேலைகளுக்கு நடுவில் வைத்தாள். பேக்கைக் கதவோரமாக நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

விழா நாளில் வேன்களில் ஆட்கள் வந்து இறங்கினார்கள். வத்தேகமயில் இருந்து வந்த சந்திரகுமார் தன் அப்பா வீட்டைத் திறக்கச் சொல்லி, உள்ளே நின்று மூக்கை உறிஞ்சினார். "அடுப்புப் புகை வாசம் அப்புடியே இருக்கு அக்கா," என்றார். ஒவ்வொருவரும் அவரவர் வீட்டு வாசலில் நின்று போட்டோ பிடித்தார்கள். எல்லோரும் அவள் கையைப் பிடித்து, நீங்கள் இருப்பதால்தான் எங்கள் வீடு இன்னும் இருக்கிறது என்றார்கள். ஒருவரும் ஒரு ராத்திரி தங்குவதாகச் சொல்லவில்லை. அதில் அவளுக்குக் கோபம் இல்லை, அவளே போகப்போகிறவள்தானே.

திலீபன் பஸ்ஸில் தனியாக வந்தான். மெலிந்திருந்தான். மண்டபத்தில் பிளாஸ்டிக் கதிரைகளுக்கு முன்னால் வைத்து, தெய்வானை வெற்றிலையோடு சாவிக்கொத்தைப் பஹீமிடம் கொடுத்தாள். அவர் இரண்டு கையாலும் வாங்கினார். எல்லோரும் கை தட்டினார்கள், திலீபனும் தட்டினான். கொத்து போனபிறகு அவளுடைய இடுப்பே லேசாகிவிட்டது. அத்தனை காலமும் அங்கேதான் செருகி வைத்திருந்தாள்.

ஸுமைரா கெமராவோடு வந்து கேட்டாள்: "நீங்க மட்டும் ஏன் ஊர விட்டுப் போகல்ல?"

"சாவி இருந்துச்சு புள்ள," என்றாள் தெய்வானை.

பிறகு ஸுமைரா திலீபனிடம் கேட்டாள். அவன் சிரித்துக்கொண்டே பேசினான். "அம்மாவ இங்கருந்து கெளப்பவே ஏலாது. நானும் எத்தனயோ தடவ கூப்புட்டுப் பாத்துட்டேன். அவங்களுக்கு இந்த ஊருதான் உசுரு."

தெய்வானை அவனுக்குப் பின்னால்தான் நின்றாள். அவன் பொய் சொல்லவில்லை, அதை மனதார நம்பித்தான் சொன்னான். கெமராவுக்கு அப்படித்தான் பேசுவார்கள், வீட்டுக்குப் போனதும் கேட்பான் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

வீட்டில் ரொட்டியும் சம்பலும் வைத்தாள். அவன் ஆசையாகச் சாப்பிட்டான்.

"சிந்துஜா வரலியா தம்பி?"

"அவ அம்மாவுக்கு முழங்கால் ஆப்பரேசன். ரெண்டு மாசமா எங்களோடதான் இருக்காங்க. சின்ன வீடு, நான் ஹோல்ல பாய விரிச்சுப் படுக்கிறேன்." தட்டைக் கழுவ எழுந்தவன் நின்று சொன்னான்: "அது கெடக்கட்டும். சாவியும் குடுத்தாச்சு, காவலுக்கு ஆளும் வரப்போகுது. இனி நீங்க இங்க நிம்மதியா இருக்கலாம்மா."

தெய்வானை அடுப்பைப் பார்க்கப் போவதுபோல உள்ளே போனாள். கிளம்புவதற்கு முன்னால் அணைக்க வேண்டும் என்று நினைத்திருந்த அடுப்பு அது. அதன் முன்னால் குந்தியிருந்து, அவன் கடைசி நேரத்திலாவது கேட்பானா என்று காத்திருந்தாள். தானே வாய் திறந்து கேட்டிருக்கலாம். ஹோலில் பாய் விரித்துப் படுக்கிற பிள்ளையிடம் என்னத்தைக் கேட்பது? வாசலில் பஹீமின் வேன் ஹோர்ன் அடித்தது. மழை இருட்டிக்கொண்டு வந்தது, கண்டிக்குப் போகிறவர்களை அவர் ஏற்றிக்கொண்டிருந்தார்.

கல்வீட்டுக்கு வந்த பிள்ளைகள் யாரும் என்றைக்கும் வெறுங்கையோடு மலை இறங்கியதில்லை. தேத்தூள், பலாக்காய், கீரை என்று ஒரு பேக் கதவோரமாகத் தயாராக இருக்கும். பிள்ளை கேட்க மாட்டான், தாய் சொல்ல மாட்டாள், போகிறபோது எடுத்துக்கொண்டு போவான். அந்த ஊரில் அப்படித்தான்.

"பேக்க எடுத்துக்கிட்டேம்மா," என்று திலீபனின் குரல் கேட்டது. "என்னத்த இவ்ளோ கனமா கட்டி வச்சிருக்கீங்க?"

அவள் வெளியே வந்தபோது பேக் அவன் தோளில் இருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதில் இருப்பது பலாக்காய் இல்லை தம்பி என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். வேனுக்குள் இருந்து எல்லோரும் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். ஊரை விட்டு அசையாத அம்மா என்று அவர்கள் எல்லோருக்கும் இப்போது தெரியும்.

"பாத்துப் போ தம்பி," என்றாள். "மழ வருது."

வேன் வளைவில் திரும்பியதும் மழை கொட்டியது. அவள் அதில் கொஞ்ச நேரம் நின்றாள். உள்ளே வந்த பிறகுதான் மாற்றிக்கொள்ள இன்னொரு சேலை இல்லை என்பது நினைவுக்கு வந்தது. தணிந்துபோயிருந்த அடுப்பை மறுபடி மூட்டி, ஈரச் சேலையோடு அதன் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். சுவரில் படம் இருந்த இடம் மட்டும் கரி பிடிக்காமல் வெள்ளையாகத் தெரிந்தது. அந்தப் பக்கம் பார்க்காமல் இருந்தாள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போன் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை இல்லாத ஒரு நாளில் அவன் போன் எடுத்தது அதுதான் முதல் தடவை.

"அம்மா, பேக்க இப்பதான் தொறந்தோம். உங்க சேலையெல்லாம் இருக்கு."

"மாறிப் போச்சு தம்பி."

"குளிசையும் இருக்கு."

"ம்."

துணியைப் பிரிக்கிற சத்தம் கேட்டது.

"அம்மா," என்றான். குரல் மாறியிருந்தது. "அப்பா படமும் இருக்கும்மா."

அவனுக்கு விளங்கிவிட்டது. புருஷன் படத்தை யாரும் தவறுதலாகத் துவாயில் சுற்றிப் பேக்கில் வைக்க மாட்டார்கள். அவள் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். இப்போது வாங்கம்மா என்று சொன்னால், இந்தச் சேலையோடே காலை பஸ்ஸில் ஏறிவிடுவாள். ஹோலில் அவன் பாய்க்குப் பக்கத்தில் ஒரு ஓரம் இருந்தால்கூடப் போதும். அந்தப் பக்கத்தில் யாரோ ஒரு பொம்பிளை முனகுவதும், சிந்துஜா எழுந்து போவதும் கேட்டது. அவன் மூச்சு விடுவது கேட்டது.

"கண்ணாடி ஒடையாம வச்சுக்க தம்பி," என்றாள் தெய்வானை.

"சரிம்மா." துவாயை மறுபடி சுற்றுகிற சத்தம் கேட்டது. "குளிசைய மட்டும் காலையில பஸ்ல குடுத்து விடுறேன். மத்ததெல்லாம் நான் அடுத்த தடவ வரும்போது கொண்டாந்துர்றேன்."

"சரி," என்றாள்.